கூலிக்குப் பாடினவங்களா?

அன்புள்ள ஐயா,
இடைக்கால ஐரிஷ் கவிஞர்களைப் பத்திப் படிச்சேன். ராஜாவைப் புகழ்ந்து பாடி மாடும் நிலமும் வாங்கியிருக்காங்க. அவங்க வசை பாடினா மூஞ்சில கொப்புளம் வருமாம். கூலிக்கு எழுதினதையெல்லாம் கவிதைன்னு சொல்லலாமா? பயிற்சி உணர்ச்சியைக் கொன்னுடாதா? எதுல இருந்து ஆரம்பிக்கறது?
– ஒரு வாசகர்

அன்புள்ள தம்பி,

கொப்புளத்தை விடுங்க, அது அந்தக் காலத்து ஜனங்களோட பயம். கூலி வாங்கினா கவிதை இல்லன்னு எவ்ளோ சுலபமா சொல்லிட்டீங்க, அதுலதான் எனக்குக் கோபம். அங்க கவிஞர்கள்ல 7 படி இருந்துச்சு, உச்சில இருக்கறவர் ஒல்லவ், சட்டப்படி ஒரு சின்ன ராஜாவுக்குள்ள மதிப்பு அவருக்கு. அதுக்கு 12 வருஷப் படிப்பு. பிற்காலப் பாடசாலைங்கள்ல ஜன்னலே இல்லாத ரூம்ல, இருட்டுல கட்டில்ல படுத்துக்கிட்டு நாள் முழுக்க மனசுக்குள்ளயே பாட்டுக் கட்டணும், வரிக்கு இத்தனை அசை, எந்த ஒலியோட எந்த ஒலி இயையும்னு அத்தனை கணக்கும் தலைக்குள்ள, சாயங்காலம் விளக்கு வந்தப்புறம்தான் எழுதிக்கலாம். இதைச் செஞ்சவனுக்கு மாடு குடுத்தா என்ன தப்பு?

இந்த இருட்டு ரூமைத்தான் கொஞ்ச நாளா நினைச்சுட்டே இருக்கேன். அந்த ஐரிஷ் கவிஞர்கள்ல முரெதாக் ஓ டாலின்னு ஒருத்தர். 1213ல வரி கேட்டு வந்த அதிகாரி மரியாதையில்லாம பேசினான்னு கோடாலியால வெட்டிட்டு, கடைசில ஸ்காட்லாந்துக்கு ஓடினவர். அந்த மனுஷன் பொண்டாட்டி செத்தப்போ பாடினாரு. நேத்து ராத்திரி என் உயிர் என்னை விட்டுப் பிரிஞ்சுதுன்னு ஆரம்பிக்கும். 20 வருஷம் கூட வாழ்ந்தா, 11 பிள்ளை பெத்தா, என் கண்ணுல பாதி அவ, உடம்புல பாதி அவ, என் படுக்கைல ஒரு பக்கம் அவ படுத்திருந்தாங்கறாரு. ராஜாவைப் புகழ்ந்த அதே இலக்கணத்துல, வரிக்கு 7 அசை பிசகாம அழறாரு. இதுக்கு யாரு கூலி குடுத்தா?

என் மனைவி போய் மூணு வருஷம் ஆச்சு. கட்டில்ல ஃபேனுக்கு நேரா அவ படுப்பா, காத்து எட்டாத சுவர் ஓரம் எனக்கு. இன்னைக்கும் அந்த ஓரத்துலதான் படுக்கறேன், வேர்க்குது, நகர முடியல. அவளைப் பத்தி ஒரு வரி எழுத உக்காந்து உக்காந்து எழுந்திருச்சேன். மனசுல இருந்தா தானா வரும்னு சின்ன வயசுல மேடைல பேசினவன் நான், வரல தம்பி. முரெதாக்குக்கு வந்துச்சு, ஏன்னா இருட்டுல படுத்துக்கிட்டு சொல்லைக் கோக்கறது அந்த உடம்புக்கே பழகியிருந்துச்சு. பயிற்சி உணர்ச்சியைக் கொன்னுடும்னு இனிமே என்கிட்ட எழுதாதீங்க.

எதுல ஆரம்பிக்கறதுன்னு கேட்டீங்கல்ல, அந்தப் பாட்டுலயே ஆரம்பிங்க. இங்கிலீஷ் மொழிபெயர்ப்பு கிடைக்கும். வீட்ல எல்லாரும் தூங்கினப்புறம் படிங்க.