மாத்திரையை நிறுத்திவிட்டு சைக்கிளில் கிளம்பலாமா?

கூடாது. இதை முதலில் சொல்லிவிடுகிறேன், மற்றதெல்லாம் அப்புறம்.

46 வயது. ஐந்து மாதத்துக்கு முன் நுரையீரல் ரத்தக்குழாயை ரத்தக்கட்டி அடைத்து, தீவிர சிகிச்சைப் பிரிவில் இரண்டு நாள் கிடந்து பிழைத்து வந்திருக்கிறீர்கள். எதனால் கட்டியது என்று கண்டுபிடிக்க முடியவில்லை. இப்போது தினமும் ஒரு ரிவராக்சபான், ரத்தம் உறைவதைத் தடுக்கும் மாத்திரை, 20 மில்லிகிராம். மூன்று வாரம் தனியாக சைக்கிளில் போக ஆசை. கீழே விழுந்தால் ரத்தம் நிற்காது என்று இணையத்தில் படித்ததால், அந்த மூன்று வாரம் மட்டும் மாத்திரையை நிறுத்திவைக்கலாம் என்று நீங்களே முடிவும் செய்துவிட்டீர்கள். என்னிடம் கேட்பது ஒரு சம்பிரதாயத்துக்கு.

பதினோரு கேள்விகளை எண் போட்டு எழுதியிருக்கிறீர்கள். பன்னிரண்டாவதுக்கு எண் இல்லை. கடைசியில், பெயருக்கு மேலே, “ஆள் நடமாட்டம் இல்லாத இடத்தில் திரும்பவும் மூச்சு அடைத்தால் என்ன செய்வேன் டாக்டர்?” என்று ஒரு வரி. கடிதம் முழுக்க அந்த ஒரு வரிக்காகத்தான் எழுதப்பட்டிருக்கிறது என்று நினைக்கிறேன். அதனால் அதிலிருந்தே தொடங்குகிறேன்.

அப்படி மூச்சு அடைக்காமல் இருக்கத்தான் அந்த மாத்திரை. பலரும் நினைப்பதுபோல அது ரத்தத்தைத் தண்ணீராக்குவதில்லை, பழைய கட்டியைக் கரைப்பதும் இல்லை. கரைக்கும் வேலையை உடம்பே மெதுவாகப் பார்த்துக்கொள்ளும். அதுவரை புதிதாக எதுவும் உறையாமல் காவல் நிற்பதுதான் மாத்திரையின் வேலை. அந்தக் காவலும் நீண்ட நேரம் நிற்பதில்லை. ஒரு வேளை மாத்திரையின் பலன் ஏறக்குறைய ஒரு நாளோடு சரி. நீங்கள் திங்கட்கிழமை நிறுத்தினால் புதன்கிழமை உங்களுக்குப் பாதுகாப்பு எதுவும் மிச்சமிருக்காது. காரணம் தெரியாமல் கட்டி வந்தவர்கள் மாத்திரையை நிறுத்தினால், முதல் வருடத்துக்குள் பத்தில் ஒருவருக்கு அது திரும்பவும் வருகிறது. உங்களுக்கு இன்னும் ஆறு மாதம்கூட முடியவில்லை. வழியில் மூச்சு அடைத்துவிடுமோ என்று பயந்துகொண்டே, அதைத் தடுக்கும் ஒரே பொருளை வீட்டில் வைத்துவிட்டுப் போகப் பார்க்கிறீர்கள்.

இன்னொன்று. அதை நீங்கள் கேள்வியாகவே கேட்கவில்லை, நான்காவது கேள்வியின் நடுவே போகிற போக்கில் சொல்லியிருக்கிறீர்கள்: “காலை ஐந்து மணிக்கு மாத்திரை போட்டுக்கொண்டு வெறும் வயிற்றோடு சைக்கிளை எடுத்தால் ஒன்பது மணிக்குத்தான் திரும்புவேன்.” படித்ததும் எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. ரிவராக்சபான் 20 மில்லிகிராம் சாப்பாட்டோடு போட வேண்டிய மாத்திரை. வெறும் வயிற்றில் போட்டால் அதில் மூன்றில் ஒரு பங்கு உடம்பில் சேராமலே போய்விடும். (எல்லா ரத்த உறைவுத் தடுப்பு மாத்திரைக்கும் இப்படி இல்லை. அபிக்சபானை எப்படிப் போட்டாலும் சரி. அதனால் பக்கத்து வீட்டுக்காரர் வெறும் வயிற்றில் போடுகிறார் என்பதெல்லாம் கணக்கில் சேராது.) நாளையிலிருந்து அதைக் காலைச் சாப்பாட்டோடு போடுங்கள். இரண்டு மூன்று மணி நேரம் தள்ளிப்போவதால் ஒன்றும் குடி முழுகாது. பயணத்திலும் அப்படித்தான்: முதல் முறை நிறுத்திச் சாப்பிடும் இடத்தில், சாப்பாட்டோடு மாத்திரை. ஒரு நாள் மறந்துவிட்டால் அன்றைக்குள் எப்போது ஞாபகம் வந்தாலும் போடலாம். மறுநாள் இரண்டாகச் சேர்த்துப் போடாதீர்கள்.

சரி, இப்போது மூச்சு.

மேட்டில் ஏறும்போது யாருக்கும் மூச்சு வாங்கும். உங்களுக்குக் கொஞ்சம் அதிகமாகவே வாங்கும். ஐந்து மாதமாக உடம்பு சும்மா கிடந்திருக்கிறது, தொடைச் சதை வற்றியிருக்கிறது. அந்த மூச்சைப் பார்த்து நீங்கள் பயப்பட வேண்டாம். ஏற்றத்தின் உச்சியில் இறங்கி, ஹேண்டில்பாரில் கையை ஊன்றி நில்லுங்கள். முடிந்தால் உட்காருங்கள். சாதாரண மூச்சு என்றால் நிமிடத்துக்கு நிமிடம் இறங்கிக்கொண்டே வரும். ஐந்து நிமிடத்தில், ஒரு நீளமான வாக்கியத்தை நடுவில் நிறுத்தாமல் சொல்ல முடியும். வாய்விட்டே சொல்லிப் பாருங்கள், அங்கே கேட்க யாரும் இல்லை என்று நீங்கள்தானே எழுதியிருக்கிறீர்கள்.

நான் கவலைப்படும் மூச்சு வேறு. உட்கார்ந்து பத்து நிமிடம் ஆன பிறகும் இறங்காத மூச்சு. அல்லது சமதளத்தில், ஏன், கூடாரத்தில் உட்கார்ந்து காலணியைக் கழற்றும்போது திடீரென்று வரும் மூச்சு. கூடவே, மூச்சை உள்ளே இழுக்கும்போது விலாவில் ஊசி குத்துவதுபோல் வலி வரலாம், சளியில் ரத்தம் வரலாம், கண் இருட்டிக்கொண்டு வரலாம். இவையெல்லாம் சேர்ந்து வர வேண்டும் என்று காத்திருக்காதீர்கள், மூச்சு ஒன்றே போதும். உடனே அவசர ஊர்தியைக் கூப்பிடுங்கள். பக்கத்தில்தானே மருத்துவமனை என்று சைக்கிளை மிதித்துக்கொண்டு போகாதீர்கள். சாலையோரம் உட்கார்ந்து, போனை எடுத்து, “நுரையீரலில் ரத்தக்கட்டி வந்தவன், இப்போது திரும்பவும் மூச்சுத் திணறுகிறது” என்று சொல்லுங்கள். இந்த ஒரு வாக்கியத்தைச் சொன்னால் உங்களை யாரும் வரிசையில் உட்கார வைக்க மாட்டார்கள்.

ஓசைப்படாமல் வருகிற இன்னொரு வகையும் உண்டு. நேற்று ஏறிய அதே மாதிரி மேடு, இன்று பாதியிலேயே இறங்கித் தள்ள வைக்கிறது. நாளை அதற்கும் கீழே. பயணத்தில் உடம்பு நாளுக்கு நாள் தேறத்தான் வேண்டும். மூன்று நாளாகக் கீழே இறங்கிக்கொண்டே போகிறது என்றால், அல்லது ஒரு கால் மட்டும் வீங்கி, கெண்டைக்கால் சதை கல்லாக இறுகி வலிக்கிறது என்றால், அன்றைக்கே அருகிலுள்ள மருத்துவரிடம் காட்டுங்கள். போன தடவை நீங்கள் என்ன செய்தீர்கள் என்பது உங்கள் கடிதத்திலேயே இருக்கிறது. நான்கு நாள் நெஞ்சில் ஏதோ பிடிக்கிறது என்று அசிடிட்டி மாத்திரையை விழுங்கிக்கொண்டு, “நாளைக்குப் பார்ப்போம்” என்று இருந்தீர்கள். அந்த நான்கு நாளில் உங்களைக் காப்பாற்றியது அதிர்ஷ்டம் மட்டும்தான். இரண்டாவது முறையும் அதை நம்ப வேண்டாம்.

வீட்டில் இரண்டு மாடி ஏறினால் இன்னும் மூச்சு வாங்குகிறது என்று எழுதியிருக்கிறீர்கள். பெரும்பாலும் அது உடம்பு பழக்கம் விட்டுப்போனதால்தான். ஆனால் சிலருக்குப் பழைய கட்டி முழுதாகக் கரையாமல் தழும்பாக ஒட்டிக்கொண்டு, நுரையீரல் ரத்தக்குழாய்களில் அழுத்தத்தை ஏற்றிவிடும். மாத்திரையை ஒழுங்காக மூன்று மாதம் சாப்பிட்ட பிறகும் மூச்சு வாங்கினால் அதைப் பார்த்தே ஆக வேண்டும். கிளம்பும் முன் ஒரு எக்கோ, அதாவது இதயத்துக்கான அல்ட்ராசவுண்ட், எடுங்கள். வலியில்லாத பரிசோதனை, அரை மணி நேர வேலை. அதில் சந்தேகம் இருந்தால் உங்கள் மருத்துவர் நுரையீரலுக்கு வேறு ஸ்கேன் எழுதுவார், பயணம் தள்ளிப்போகும். அந்த நோய்க்கும் நல்ல சிகிச்சை உண்டு, அதைத் தேடி இரவெல்லாம் இணையத்தில் படிக்காதீர்கள். எக்கோ சரியாக இருந்தால் என் பங்குக்குத் தடை இல்லை.

மற்ற கேள்விகளை வேகமாக முடித்துவிடுகிறேன். மேட்டில் இதயத் துடிப்பு 150: உங்கள் வயதுக்கு அது ஒன்றுமே இல்லை. இரவில் கைக்கடிகாரம் ஆக்சிஜன் 93 என்று காட்டுவது: கை குளிர்ந்தாலும், மடங்கினாலும், பட்டை தளர்ந்தாலும் அது இஷ்டத்துக்குக் காட்டும். தூங்கும்போது கழற்றி வையுங்கள், உங்கள் தூக்கமின்மைக்குப் பாதிக் காரணம் அதுவாகத்தான் இருக்கும். பல் துலக்கும்போது துளி ரத்தம், தொடையில் காரணம் தெரியாத நீலத் திட்டு: மாத்திரை வேலை செய்கிறது என்று அர்த்தம், மிருதுவான பிரஷ் வாங்குங்கள். “சைக்கிள் சீட்டில் நெடுநேரம் உட்கார்ந்தால் ரத்தம் கட்டும்” என்று யாரோ எழுதியிருப்பதை அனுப்பியிருக்கிறீர்கள். காலை அசைக்காமல் உட்கார்ந்தால்தான் கட்டும். மிதிக்க மிதிக்க கெண்டைக்கால் சதை ரத்தத்தை மேலே தள்ளிக்கொண்டே இருக்கும். உண்மையில் பயணம் முடிந்து, சைக்கிளை ஏற்றிவிட்டு, பத்து மணி நேரம் பஸ்ஸில் மடங்கி உட்கார்ந்து திரும்புவீர்களே, அதுதான் எனக்குப் பிடிக்கவில்லை. நடுவில் இறங்கி நடங்கள். மலை: 2,500 மீட்டருக்கு மேலே போய்த் தங்கும் திட்டம் இருந்தால் இந்த முறை விட்டுவிடுங்கள்.

விழுவதைப் பற்றி. சைக்கிள் என்றால் விழத்தான் செய்வோம். முழங்கால் சிராய்ப்பு ரத்தம் நிற்கக் கொஞ்சம் நேரமாகும், ஆனால் நிற்கும். சுத்தமான துணியை வைத்துப் பத்து நிமிடம் விடாமல் அழுத்துங்கள். நின்றதா என்று நிமிடத்துக்கு ஒரு தடவை தூக்கிப் பார்த்தால் நிற்காது. மூக்கில் வந்தால் குனிந்து உட்கார்ந்து, மூக்கின் மிருதுவான பகுதியைக் கால் மணி நேரம் பிடித்திருங்கள். இவை சில்லறை. தலையில் அடிபடுவது சில்லறை இல்லை. ஹெல்மெட் போட்டிருந்தாலும், வலி இல்லாவிட்டாலும், எழுந்து நன்றாக நடந்தாலும், தலை தரையில் மோதியது என்றால் அன்றைய பயணம் அங்கேயே முடிந்தது. சி.டி. ஸ்கேன் உள்ள மருத்துவமனைக்குப் போய், எந்த மாத்திரை, கடைசியாக எத்தனை மணிக்குப் போட்டீர்கள் என்று சொல்லுங்கள். இந்த மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்கு மண்டைக்குள் ரத்தம் மெதுவாகக் கசிந்து, பல மணி நேரம் கழித்துத்தான் தலைவலியாகவோ வாந்தியாகவோ வெளியே தெரியலாம். அந்த நேரத்தில் நீங்கள் கூடாரத்தில் தனியாகத் தூங்கிக்கொண்டிருக்கக் கூடாது. அதே மாதிரி மலம் தார்போலக் கறுத்தாலும், சிறுநீர் சிவந்தாலும் உடனே மருத்துவரிடம் போங்கள்.

அப்புறம் நீங்கள் அனுப்பிய மருந்துப்பை பட்டியல். பார்த்தால் ஒரு மருந்துக்கடையையே முதுகில் கட்டிக்கொண்டு போவதுபோல் இருக்கிறது. முட்டி வலிக்கு டைக்ளோஃபினாக், உடம்பு வலிக்கு இபுபுரூஃபன்: இரண்டையும் எடுத்து வெளியே வையுங்கள். ரிவராக்சபானோடு இவை சேர்ந்தால் வயிற்றில் ரத்தம் கசியும். வலித்தால் பாராசிட்டமால் போடலாம், அதோடு ஒரு நாள் ஓய்வும் எடுக்கலாம். பட்டியலின் கடைசியில் “தொடை இடுக்கு அரிப்புக்கு இட்ராகோனசோல், போன வருடம் வாங்கியதில் மிச்சம்” என்று இருக்கிறதே, அதுதான் எல்லாவற்றையும்விட மோசம். வியர்வையும் சீட்டும் சேர்ந்தால் அந்த இடத்தில் படை வரும், சைக்கிள்காரர்கள் எல்லோருக்கும் தெரிந்ததுதான். ஆனால் அந்த மாத்திரை, ரிவராக்சபான் உடம்பைவிட்டு வெளியேறுவதைத் தடுத்து, ரத்தத்தில் அதன் அளவை ஏற்றிவிடும். தோலுக்கு வைத்தியம் பார்க்கப்போய் உள்ளே ரத்தம் கசியும். பூசும் களிம்பு போதும், உள்ளாடையை உலர்த்தி மாற்றினால் அதுகூடத் தேவைப்படாது. மூலிகை, இயற்கை என்று பெயர் போட்டு வரும் எதுவும் இந்த மூன்று வாரம் வேண்டாம்.

இனி, தனியாகப் போவது. அதை நான் தடுக்கப் போவதில்லை. நோயிலிருந்து எழுந்தவர்களுக்குக் கொஞ்ச நாள் யாரும் பக்கத்தில் நின்று “மெதுவா, மெதுவா” என்று சொல்லாமல் இருந்தால் போதும் என்று தோன்றும், அது எனக்குப் புரிகிறது. ஆனால் தனியாகப் போவதும் தொடர்பில்லாமல் போவதும் வேறு வேறு. காலை கிளம்பும்போது ஒன்று, மாலை நிறுத்தியதும் ஒன்று என்று வீட்டுக்கு இரண்டு அழைப்பு. மாலை அழைப்பு குறித்த நேரத்தில் வராவிட்டால் அவர்கள் என்ன செய்ய வேண்டும் என்பதை இப்போதே பேசிவைத்துக்கொள்ளுங்கள். போன் சிக்னல் இல்லாத நீண்ட பாதைகளை அடுத்த வருடத்துக்கு ஒதுக்குங்கள். மாத்திரையை இரண்டு பைகளில் பிரித்து வையுங்கள், ஒரு பை தொலைந்தால் பயணம் தொலையக் கூடாது. இரண்டு அட்டைகளில் பெயர், நோய், மாத்திரையின் பெயர், அளவு, போடும் நேரம், வீட்டு எண் எழுதி, ஒன்றைச் சட்டைப்பையில் வைத்து, இன்னொன்றை ஹெல்மெட்டின் உள்ளே ஒட்டுங்கள். நீங்கள் நினைவில்லாமல் கிடந்தாலும், ஹெல்மெட்டைக் கழற்றுபவர்கள் கண்ணில் அது படும்.

தூரம் எவ்வளவு என்று கேட்டிருக்கிறீர்கள். நோய்க்கு முன் நாளுக்கு 80 கிலோமீட்டர் போனவர் என்றால், முதல் வாரம் 40. சீட் உயரம், கியர் இதெல்லாம் என்னிடம் கேட்டுப் பிரயோஜனமில்லை. நான் கடைசியாக சைக்கிள் ஓட்டியது கல்லூரியில், அதுவும் பிரேக் இல்லாதது. ஆனால் மூன்று வாரத்துக்குக் கிளம்பும் முன், வீட்டிலிருந்து ஒரே ஒரு இரவு மட்டும் வெளியே தங்கிவிட்டு மறுநாள் திரும்பும் ஒரு சின்னப் பயணம் போய்வாருங்கள். மாத்திரை, சாப்பாடு, தொலைபேசி, தூக்கம் எல்லாம் அதில் ஒத்திகை ஆகிவிடும். முக்கியமாக அந்த இரவு, இருட்டில், யாரும் பக்கத்தில் இல்லாமல், உங்கள் மூச்சுச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டு படுத்திருப்பீர்கள். பயம் வரும். எழுந்து உட்கார்ந்து அந்த நீளமான வாக்கியத்தைச் சொல்லிப் பாருங்கள். நிறுத்தாமல் சொல்ல முடிந்தால் திரும்பப் படுத்துக்கொள்ளலாம்.

எக்கோ முடிவு வந்ததும் உங்கள் மருத்துவரிடம் காட்டி, மாத்திரையை வெறும் வயிற்றில் போட்டுவந்ததையும் மறைக்காமல் சொல்லுங்கள். அவர் திட்டுவார், கேட்டுக்கொள்ளுங்கள்.