எச்1பி விசாவில் இருப்பவர் விமானம் ஓட்டக் கற்கலாமா?

கேள்வி: டாலஸில் மென்பொருள் வேலை. வயது 36, எச்1பி விசா. ரத்த அழுத்தத்துக்கு தினம் ஒரு மாத்திரை போடுகிறேன். பொழுதுபோக்காகச் சிறிய விமானம் ஓட்டக் கற்க ஆசை. எங்கே தொடங்குவது? எத்தனை மணி நேரம் பிடிக்கும்?

பதில்: தாராளமாகக் கற்கலாம். ஆனால் பள்ளியில் பணம் கட்டுமுன் இரண்டு வேலைகள் இருக்கின்றன.

அமெரிக்கக் குடியுரிமை இல்லாதவர்கள் பயிற்சியைத் தொடங்க டிஎஸ்ஏ எனும் அமெரிக்கப் போக்குவரத்துப் பாதுகாப்புத் துறையின் அனுமதி வேண்டும். கிரீன் கார்டு வைத்திருப்பவர்களுக்கும் இதே கதைதான். இணையத்தில் விண்ணப்பித்துக் கைரேகை கொடுக்க வேண்டும். ஒரே ஒரு அறிமுகப் பறப்புக்கு இது தேவையில்லை, அதனால் முதலில் அதைப் போய்ப் பாருங்கள். வயிற்றைப் புரட்டுகிறதா, உண்மையிலேயே பிடித்திருக்கிறதா என்று ஒரு மணி நேரத்தில் தெரிந்துவிடும்.

அடுத்தது மூன்றாம் வகுப்பு மருத்துவச் சான்று. பலரும் சறுக்குவது இங்கேதான். கட்டுக்குள் இருக்கும் ரத்த அழுத்தம் பொதுவாகத் தடையில்லை. பரிசோதனையன்று 155/95-ஐத் தாண்டக் கூடாது. மனச்சோர்வுக்கோ கவனக்குறைவுக் கோளாறுக்கோ (ஏடிஎச்டி) எப்போதாவது மருந்து எடுத்திருந்தால் மட்டும் அவசரப்படாதீர்கள். எஃப்ஏஏ (அமெரிக்க விமானப் போக்குவரத்துத் துறை) அங்கீகரித்த மருத்துவரிடம் ‘ஆலோசனைக்கு மட்டும்’ என்று நேரம் வாங்குங்கள். மெட்எக்ஸ்பிரஸ் எனும் இணைய மருத்துவ விண்ணப்பத்தின் உறுதி எண்ணை அப்போது கொடுக்க வேண்டாம். அவர் அதைத் திறந்துவிட்டால் முடிவு பதிவாகியே தீரும். சான்று மறுக்கப்பட்டால், கார் லைசென்ஸையே மருத்துவத் தகுதியாகக் காட்டிப் பறக்கும் ஸ்போர்ட் பைலட் எனும் எளிய உரிமத்தின் வழியும் அடைபட்டுவிடும். உண்மையை மறைத்து எழுதுவது குற்றம், அந்த யோசனையே வேண்டாம். உங்கள் வயதில் சான்று 60 மாதம் செல்லும். 40 வயதான பிறகு எடுத்தால் 24 மாதம்தான்.

தனியார் விமானி உரிமத்துக்குச் சட்டப்படி குறைந்தது 40 மணி நேரம்: ஆசிரியருடன் 20, தனியாக 10, மீதி எப்படியும். நடைமுறையில் 60, 70 என்று போகும். காரணம் இடைவெளி. மூன்று வாரத்துக்கு ஒருமுறை போனால், முதல் அரை மணி மறந்ததை மீட்கவே சரியாகிவிடும். வாரம் இரண்டு முறை, அதிகாலை நேரமாகப் பதிவு செய்யுங்கள். டெக்சஸ் கோடையில் மதியம் காற்று தூக்கிப் போடும். சூட்டில் காற்று லேசாகி விமானம் சோம்பலாக ஏறும்.

அதிக நேரத்தை விழுங்குவது தரையிறக்கம்தான். செஸ்னா 172எஸ் எனும் நான்கு இருக்கை விமானத்தில் ஃபிளாப்பை (இறக்கையின் பின்விளிம்பில் கீழே இறங்கும் பலகை) முழுதாக இறக்கி வந்தால் வேகம் 61 முதல் 65 நாட் (மணிக்கு ஒரு கடல் மைல் ஒரு நாட்). 75-இல் வந்தால் ஓடுபாதைக்குச் சற்று மேலே மிதந்துகொண்டே போகும், இறங்காது. பதறிப்போய் விமானத்தின் மூக்கை அமுக்கினால் முன்சக்கரம் முதலில் பட்டு விமானம் துள்ளும். மறுபடி அமுக்கினால் இன்னும் பலமாகத் துள்ளும். மூன்றாவது துள்ளலுக்குள் முன்சக்கரத் தண்டோ, புரொப்பெல்லரோ போய்விடலாம். துள்ளியதும் அமுக்காதீர்கள். மூக்கை அதே நிலையில் பிடித்து, முழு த்ராட்டில் கொடுத்து, ஃபிளாப்பை 20 டிகிரிக்கு எடுத்து, மேலே ஏறிச் சுற்றி வாருங்கள். இறங்கும்போது கண்ணும் விமான மூக்குக்கு நேரே கீழே இருக்கக் கூடாது, ஓடுபாதையின் மறுமுனையில் இருக்க வேண்டும். உயரம் அப்போதுதான் பிடிபடும்.

எழுத்துத் தேர்வு 60 கேள்வி, 70 சதவீதம் போதும். உங்களைப் போன்றவர்களுக்கு அது பெரிய பாடில்லை.

மொத்தப் பணத்தையும் முன்கூட்டியே கட்டாதீர்கள். பள்ளிகள் திடீரென மூடப்படுவதுண்டு. வாடகையில் பெட்ரோல் அடக்கமா, விமானம் ஓடிய நேரத்தைக் கணக்கிடுவது ஹாப்ஸ் மீட்டரிலா டேக்கோ மீட்டரிலா என்று கேளுங்கள். எஞ்சின் மெதுவாக ஓடும்போது டேக்கோ மெதுவாக ஏறும், ஹாப்ஸ் ஏறிக்கொண்டே இருக்கும்.

உரிமம் கிடைத்த பிறகு ஆள் ஏற்ற வேண்டுமானால் கடந்த 90 நாளில் விமானத்தை மூன்று முறை ஏற்றி இறக்கியிருக்க வேண்டும். கட்டணம் வாங்கக் கூடாது. செலவைப் பகிரலாம், உங்கள் பங்கை நீங்கள் கட்டியாக வேண்டும். நான்கு இருக்கை இருக்கிறதே என்று மூன்று பேரைக் கூப்பிட்டுவிடாதீர்கள். டேங்க் நிறைந்திருந்தால் 172எஸ்ஸில் மிஞ்சும் எடை சுமார் 250 கிலோ, உங்களையும் சேர்த்து மூன்று பெரியவர்களுக்குத்தான் சரியாக இருக்கும்.