பதில்: கதிரியக்கச் சரக்குக் கப்பல் ப்ராஜெக்டை கைடு திருப்பிவிட்டார்

வாலாஜா தம்பிக்கு,

சீசியம்-137 என்ற கதிரியக்கப் பொருளை வைத்த பெட்டகத்தைக் கப்பலில் அனுப்புவது பற்றி ப்ராஜெக்டில் எழுதியிருக்கிறீர்கள். 9 மீட்டர் உயரத்திலிருந்து விழுந்தாலும், 800 டிகிரித் தீயில் 30 நிமிடம் கிடந்தாலும் தாங்கும், ஆகவே ஆபத்தில்லை என்று முடித்துவிட்டீர்கள். 'சுற்றுச்சூழல் எங்கே?' என்று கைடு கேட்டது நியாயம்தான். நீங்கள் சொன்னது பெட்டகத்தின் உறுதியை மட்டும்தான். தவிர, கப்பல் தீ அரை மணியில் அடங்குவது அரிது.

கசிந்தால் எது எங்கே போகும் என்று பாருங்கள். அதற்கு வேதிவடிவம்தான், அதாவது அந்தப் பொருள் எந்தச் சேர்மமாக இருக்கிறது என்பதுதான் முக்கியம். நம்ம ராணிப்பேட்டை குரோமியக் கழிவு தண்ணீரில் கரையும் வடிவில் இருந்ததால்தானே நிலத்தடி நீர்வரை இறங்கியது? சீசியம் குளோரைடும் அப்படித்தான் கரையும். மீனின் உடல் அதைப் பொட்டாசியம் போலவே சதையில் சேர்த்துக்கொள்ளும். அரை ஆயுள், அதாவது கதிரியக்கம் பாதியாகக் குறையும் காலம், 30 ஆண்டு. இன்னொரு கதிரியக்கப் பொருளான கோபால்ட்-60 உலோகமாகவே கிடக்கும், அதற்குச் சுமார் 5.3 ஆண்டுதான்.

அப்புறம் ஆழம். 1984-இல் பெல்ஜியம் அருகே மான்ட் லூயி என்ற சரக்குக் கப்பல் மூழ்கியபோது ஆழம் குறைவு. அதிலிருந்த யுரேனியம் ஹெக்சாஃபுளோரைடு (யுரேனியச் சேர்மம்) உருளைகளை மீட்டுவிட்டார்கள். 1997-இல் அட்லாண்டிக் கடலின் அசோர்ஸ் தீவுகள் பக்கம் எம்எஸ்சி கார்லா என்ற சரக்குக் கப்பல் இரண்டாக உடைந்தது. அதிலிருந்த சீசியம் ஆழ்கடலுக்குப் போய்விட்டது, மீட்கவில்லை. இந்த இரண்டையும் தனித்தனிச் சூழலாக வைத்துக் கணக்கிடுங்கள். கரையோரச் சூழலுக்கு மீன்பிடிப் பகுதியும், அங்குள்ளவர்கள் எவ்வளவு மீன் சாப்பிடுகிறார்கள் என்பதும் கட்டாயம் வேண்டும். விபத்து நடக்க எவ்வளவு வாய்ப்பு என்று நீங்கள் போட்ட நிகழ்தகவுக் கணக்கு சரி, அதை மாற்ற வேண்டாம்.