போர்டில் ‘சன்ஸ்’, கடையில் மகள்

கேள்வி: சாயல்குடியில் என் அப்பா பனையேறிச் சேர்த்த காசில் தொடங்கிய கருப்பட்டிக் கடை எங்களுடையது. கடைப் பெயரிலேயே ‘அன் சன்ஸ்’ உண்டு. எனக்கு 64 வயது. மகன்கள் சிங்கப்பூரிலும் பெங்களூரிலும் இருக்கிறார்கள், வர மறுக்கிறார்கள். பெரியவன் அமெரிக்காவின் யிங்லிங் பீர் கம்பெனி தலைமுறை தலைமுறையாக வளர்ந்த கதையை அனுப்பி, “நாமும் இப்படி வளரணும்” என்கிறான். தற்சமயத்துக்கு, ஒன்பது வருடமாக, மகள்தான் கொள்முதல் பார்க்கிறாள். சீனி கலந்த சரக்கை வாயில் போட்டதுமே சொல்லிவிடுவாள். மகன்களை எப்படி வரவழைப்பது?

பதில்: அண்ணாச்சி, அதற்கு நான் வழி சொல்லப்போவதில்லை. ஒன்பது வருடம் உங்களுக்குத் தற்சமயமா? சீனிப்பாகைக் கருப்பட்டி என்று விற்கிற காலம் இது. உங்கள் கடைக்கு ஆள் வருவது அவள் நாக்கை நம்பித்தான்.

பெரியவன் அந்தக் கதையைப் பாதிதான் படித்திருக்கிறான். 1829-இல் பென்சில்வேனியாவில் ஒரு ஜெர்மன்காரர் தொடங்கிய ஆலை அது. இரண்டே வருடத்தில் எரிந்துபோனது, மறுபடி கட்டினார். 1920-இல் நாடு முழுக்க மதுவிலக்கு வந்தபோது, போதை இல்லாத பீரையும் ஐஸ்கிரீமையும் விற்று 13 வருடம் தாக்குப்பிடித்தார்கள். வெளியூரில் இருந்துகொண்டு யோசனை அனுப்பவில்லை, கூடவே நின்றார்கள். அந்த வீட்டில் கம்பெனியைச் சும்மாவும் கொடுப்பதில்லை. பிள்ளை அப்பாவிடம் விலை கொடுத்து வாங்க வேண்டும். ஐந்தாம் தலைமுறைக்காரர் 1985-இல் அப்படித்தான் வாங்கினார். அவருக்கு நாலு மகள்கள். நாலு பேருமே கம்பெனிப் பொறுப்புக்கு வந்தார்கள். பெயர் மட்டும் இன்னமும் ‘அன் சன்’தான்.

சரி, அவ்வளவு தூரம் எதற்கு? உங்கள் அப்பா இறக்கிய பதநீரைக் காய்ச்சியது யார்? நம் கடற்கரையில் ஏறுவது ஆம்பளை, அடுப்புப் புகையில் நிற்பது பொம்பளை. கலயத்தில் சுண்ணாம்பு குறைந்தால் பதநீர் கள்ளாகிவிடும். பாகு பதம் தவறினால் சிரட்டையில் ஊற்றியது கட்டியாகாது. அந்தப் பதம் பார்த்தவர் உங்கள் அம்மாவாகத்தான் இருக்க வேண்டும். அவரைப் பற்றி ஒரு வரிகூட நீங்கள் எழுதவில்லை. எனக்குக் கோபம் வந்தது அங்கேதான்.

“அவள் இன்னொரு வீட்டுக்குப் போகிறவள்” என்பீர்கள். சிங்கப்பூருக்குப் போனவன் மட்டும் போகாதவனா?

மகன்களை வெறுங்கையோடு விடச் சொல்லவில்லை. பெற்றவருக்கு எல்லாப் பிள்ளையும் ஒன்றுதான்; ஆனால் உழைத்த பிள்ளைக்குக் கணக்குத் தீர்க்காமல் விடுவது பாவம். அவளுக்குச் சம்பளம் கொடுத்ததாகக் கடிதத்தில் இல்லை. ஒரு ஆடிட்டரை வைத்துக் கடைக்கு விலை போடுங்கள். ஒன்பது வருடச் சம்பளத்தை அதில் கழித்துவிட்டு, மீதியை அவள் தவணையில் கட்டட்டும். அந்தப் பணம் மகன்களுக்குப் போகட்டும். எல்லாம் எழுத்தில் இருக்கட்டும்.

அதற்கு முன்னால், இந்தக் கடை வேண்டுமா என்று அவளிடம் ஒரு தடவையாவது கேட்டிருக்கிறீர்களா? இன்று ராத்திரி கடை அடைத்ததும் கேளுங்கள். அப்புறம் எனக்கு எழுதுங்கள். மகன்கள் சொன்னது வேண்டாம், அவள் சொன்னதை எழுதுங்கள்.