கடல் மீன் தீர்ந்துவிடுமா?

"இன்னும் கொஞ்ச காலத்தில் கடலில் மீனே இருக்காதா?" என்று கேட்டிருக்கிறீர்கள். இருக்கும். ஆனால் இப்போது கிடைப்பதைவிடப் பெரிதாக அதிகரிக்காது. உலகக் கடல்களில் பிடிபடும் அளவு 1980களின் கடைசியிலிருந்தே வருடத்துக்குச் சுமார் 8 கோடி டன்னில் நிற்கிறது. 1974-இல் சுமார் 10 சதவீத மீன் இருப்புகள்தான் (ஒரு கடல் பகுதியில் வாழும் ஒரு வகை மீனின் கூட்டம் ஓர் இருப்பு) அளவுக்கு மீறிப் பிடிக்கப்பட்டன. இன்று மூன்றில் ஒரு பங்குக்கும் மேல்.

எல்லாம் மீன்பிடிப்பை எப்போது கட்டுப்படுத்துகிறோம் என்பதில் இருக்கிறது. கனடாவின் நியூஃபவுண்ட்லாந்து காட் மீனுக்கு 1992-இல் தடை போட்டார்கள். அதற்குள் முட்டையிடும் பெரிய மீன்கள் பெரும்பாலும் போய்விட்டன. முப்பது வருடம் கழித்தும் பழைய வளம் திரும்பவில்லை. அட்லாண்டிக் நீலத்துடுப்புச் சூரையில் பிடிக்கும் அளவை நேரத்தோடு வெட்டினார்கள், மீண்டுவிட்டது.

அப்புறம் மீன்பிடிப்புக்கு அரசுகள் தரும் மானியம். அதனால் கிடைக்கும் மலிவு டீசல் இல்லாவிட்டால் தூரக் கடலுக்குப் போகும் பல கப்பல்களுக்குக் கட்டுப்படியாகாது. உலக வர்த்தக அமைப்பின் 2022 ஒப்பந்தம் சட்டவிரோத மீன்பிடிப்புக்கான மானியத்தைத் தடுக்கிறது. எரிபொருள் மானியத்தைப் பொதுவாகத் தொடவில்லை. எனக்கு அதுதான் பெரிய ஓட்டை.

கடல் சூடாவதால் மீன்கள் துருவப் பக்கம் நகர்கின்றன. யார் எவ்வளவு பிடிக்கலாம் என்ற பழைய பங்கீட்டை வைத்துக்கொண்டு நாடுகள் இப்போதே சண்டை போடுகின்றன.