பூனை பழைய வீட்டுக்கே ஓடுதா?

வணக்கம் சகோ. தோட்டப்பாளையத்துல இருந்து சத்துவாச்சாரிக்குக் குடி வந்து ஒரு வாரம்கூட ஆகல, அதுக்குள்ள பூனை ரெண்டு தடவை பழைய வீட்டுத் திண்ணையில போய் உட்கார்ந்திருக்குன்னு எழுதியிருந்தீங்க. உங்க மேல பாசம் இல்லாம இல்ல. அதுக்குத் தன் இடம் முக்கியம், அவ்வளவுதான். கதவு, கட்டில் கால், உங்க முழங்கால்னு கன்னத்தைத் தேய்க்குதே, அது வெறும் கொஞ்சல் இல்ல. கன்னத்துச் சுரப்பியால தன் வாசனையைப் பூசி வைக்குது. புது வீட்டுல பெயின்ட் நாத்தம்தானே இருக்கும்!

மூணு நாலு வாரம் வெளியே விடாதீங்க. முதல்ல ஒரே ரூம். அது படுத்த பழைய புடவையைத் துவைக்காம அப்படியே போடுங்க. எங்க கருப்பன் காட்பாடி வந்தப்போ ரெண்டு நாள் அரிசி மூட்டைக்குப் பின்னாலயே கிடந்தான். மூணாம் நாள் ராத்திரி மீன் தலை வாசனைக்கு மீசை மட்டும் வெளியே வந்துச்சு.

பழைய தெருவுல யாரும் பால் வைக்க வேண்டாம்னு கண்டிப்பா சொல்லிடுங்க. நடுவுல பெங்களூர் ஹைவே வேற இருக்கு. திரும்பக் கூட்டிட்டு வரும்போது சாக்குல கட்டாதீங்க, வேலூர் வெயிலுக்கு மூச்சு முட்டிடும். காத்து போற கூடை போதும்.