பாசிப் பெருக்கத்தை இத்தனை காலம் ஆராய்ந்தும் ஏன் தடுக்க முடியவில்லை?

கேள்வி கேட்டவர் ஏரியில் பச்சையாகப் படர்வதையும் கடல் சிவப்பாக மாறி மீன் செத்து ஒதுங்குவதையும் ஒரே பிரச்சினையாக எடுத்துக்கொண்டு, "விஞ்ஞானிகள் இன்னும் காரணத்தைக் கண்டுபிடிக்கவில்லையா?" என்கிறார். இரண்டையும் பிரித்துவிடலாம். ஏரி, குளம், ஆறு என்றால் முக்கியக் காரணம் 50 வருடத்துக்கு முன்பே தெரிந்துவிட்டது. கடல் விஷயம் வேறு, அதற்கு அப்புறம் வருகிறேன்.

1960களின் கடைசியில் பெரிய சண்டையே நடந்தது. சோப்புத்தூளில் இருக்கும் பாஸ்பேட்தான் (பாஸ்பரஸ் உள்ள உப்பு) ஏரிகளைக் கெடுக்கிறது என்று ஒரு பக்கம், இல்லை, கார்பன்தான் காரணம் என்று சோப்புத்தூள் தொழில் சார்ந்தவர்கள் மறுபக்கம். கனடாவின் ஒன்டாரியோவில் ஏரி ஆய்வாளர் டேவிட் ஷிண்ட்லரின் குழுவினர் ஆய்வுக்கென்றே ஒதுக்கப்பட்ட ஏரிகளில் இறங்கி வேலை செய்தார்கள். 226ஆம் எண் ஏரி நடுவில் இடுப்பு மாதிரி குறுகியிருக்கும். 1973இல் அந்த இடத்தில் ஒரு திரையைக் கட்டி ஏரியை இரண்டாக்கினார்கள். ஒரு பக்கம் நைட்ரஜனும் கார்பனும் மட்டும் போட்டார்கள், மறுபக்கம் அவற்றோடு பாஸ்பரஸும் சேர்த்துப் போட்டார்கள். பாஸ்பரஸ் போட்ட பக்கம் மட்டும் அந்தக் கோடையிலேயே பச்சைக் குழம்பாகிவிட்டது. வானத்திலிருந்து எடுத்த அந்த ஒரு படம், நூறு கட்டுரைகள் செய்யாததைச் செய்தது என்பேன், பாஸ்பேட்டைக் கட்டுப்படுத்தச் சொன்னவர்களுக்கு அது அவ்வளவு பெரிய பலம்.

அப்படியானால் ஏன் நிற்கவில்லை? அமெரிக்க-கனடா எல்லையில் இருக்கும் ஈரி ஏரியைப் பாருங்கள். கழிவுநீரைச் சுத்திகரித்து, சோப்புத்தூளைக் கட்டுப்படுத்தி, 1980களில் அந்த ஏரி நன்றாகத் தேறியது. பிறகு மறுபடி பச்சையானது, ஏனென்றால் இந்த முறை பாஸ்பரஸ் குழாய் வழியாக வரவில்லை, அதில் கலக்கும் மாமீ (Maumee) ஆற்றுப் படுகை முழுக்க இருக்கும் வயல்களின் உரத்திலிருந்து கரைந்து மழையோடு வந்தது. ஒரு ஆலையின் குழாயை அடைக்கலாம், ஆயிரக்கணக்கான வயல்களை எங்கே போய் அடைப்பது? போதாததற்கு அடிச்சேற்றில் ஏற்கெனவே படிந்த பாஸ்பரஸும், அடியில் ஆக்சிஜன் குறையும்போது திரும்ப மேலே வரும். இன்றைக்கே பாஸ்பரஸ் வருவதை நிறுத்தினாலும் சில ஏரிகள் தெளியப் பல வருடம் ஆவது இதனால்தான்.

2014 ஆகஸ்டில், ஈரி ஏரியிலிருந்து தண்ணீர் எடுக்கும் அமெரிக்காவின் டொலிடோ நகரத்தில் 4 லட்சம் பேருக்கு மேல் குழாய்த் தண்ணீரைக் குடிக்கக் கூடாது என்று அறிவித்தார்கள். காய்ச்சியும் குடிக்கக் கூடாது, பாசியிலிருந்து வரும் மைக்ரோசிஸ்டின் என்ற நஞ்சு கொதிக்க வைத்தால் அழியாது, தண்ணீர் வற்ற வற்ற இன்னும் அடர்த்தியாகும். இதில் கவனிக்க வேண்டியது என்னவென்றால், அந்த வருடப் பெருக்கம் மிகப் பெரியது இல்லை, 2011இல் வந்தது அதைவிடப் பெரிது. ஆனால் 2014இல் அது நகரம் தண்ணீர் எடுக்கும் இடத்திலேயே வந்து குவிந்துவிட்டது.

இந்த இடத்தில்தான் ஆராய்ச்சி உண்மையிலேயே கஷ்டமாகிறது. எவ்வளவு பாசி என்பது ஒரு கேள்வி, எவ்வளவு நஞ்சு என்பது வேறு கேள்வி. இந்த நஞ்சை உண்டாக்கும் நீலப்பச்சைப் பாசியான மைக்ரோசிஸ்டிஸ் என்ற ஒரே இனத்தில் நஞ்சு உண்டாக்கும் மரபணு உள்ள வகையும் இருக்கும், இல்லாத வகையும் இருக்கும், மைக்ரோஸ்கோப்பில் வித்தியாசமே தெரியாது. மைக்ரோசிஸ்டினில் அதிகம் காணப்படும் LR என்ற வகையின் மூலக்கூறு ஒன்றில் 10 நைட்ரஜன் அணுக்கள் இருக்கின்றன, அதனால் பாசியின் அளவை பாஸ்பரஸ் தீர்மானித்தாலும் நஞ்சின் அளவில் நைட்ரஜனுக்கும் பங்கு உண்டு என்று ஒரு கட்சி. நைட்ரஜனைக் குறைத்தால் காற்றிலிருந்தே அதை எடுத்துக்கொள்ளும் நீலப்பச்சைப் பாசிகள் இடத்தைப் பிடித்துக்கொள்ளும் என்று ஷிண்ட்லர் கட்சி. என்னைக் கேட்டால் இரண்டையும் குறைக்கச் சொல்பவர்கள் பக்கம்தான் சாய்வேன், ஆனால் அது செலவு பிடித்த வேலை, சண்டையின் பாதி அதனால்தான்.

"மருந்து போட்டுக் கொல்ல வேண்டியதுதானே" என்பவர்களுக்கு: காப்பர் சல்பேட் போட்டால் பாசி சாகும், செல் உடைந்து உள்ளே இருந்த நஞ்சு மொத்தமும் தண்ணீரில் கலக்கும்.

சரி, கடல். இங்கே எல்லாப் பழியையும் உரத்தின் மேல் போட முடியாது. புளோரிடாவில் கடலைச் சிவப்பாக்கும் கரேனியா பிரெவிஸ் என்ற பாசி, கரையிலிருந்து தள்ளி இருக்கும் சத்து குறைந்த கடல் பகுதியில் தொடங்கி, நீரோட்டத்தில் கரைக்கு வருகிறது. கரைக்கு வந்த பிறகு மனிதன் விடும் சத்து அதை நீட்டிக்கலாம், இன்னும் வலுவாக்கலாம். அலெக்சாண்ட்ரியம் என்ற இன்னொரு நஞ்சுப் பாசி விதை போன்ற உறக்க நிலையில் கடலடிச் சேற்றில் கிடக்கும். அமெரிக்காவின் வடகிழக்கில் இருக்கும் மெய்ன் வளைகுடாவில் சேற்றை எடுத்து அவற்றை எண்ணித்தான் அடுத்த வருடம் எப்படி இருக்கும் என்று கணிக்கிறார்கள். கடலில் தடுப்பதைவிட, முன்கூட்டியே கண்டுபிடித்துச் சிப்பி எடுப்பதை நிறுத்தி வைப்பதுதான் நடைமுறையில் வேலை செய்கிறது. 1987இல் கனடாவின் பிரின்ஸ் எட்வர்ட் தீவுச் சிப்பிகளைச் சாப்பிட்டு நூற்றுக்கும் மேற்பட்டோர் நோயுற்றார்கள், சிலர் இறந்தார்கள், சிலருக்கு நினைவாற்றலே திரும்பவில்லை. டையட்டம் என்ற நுண்பாசி வகை இப்படி ஒரு நஞ்சை (டொமோயிக் அமிலம்) உண்டாக்கும் என்று அதுவரை யாரும் சந்தேகப்படவே இல்லை. சிப்பிகளில் டொமோயிக் அமிலம் இருக்கிறதா என்று பார்க்கும் வழக்கம் அதற்குப் பிறகுதான் வந்தது.

உலகம் முழுக்க இது பெருகிக்கொண்டே போகிறதா என்றும் கேள்வி கேட்டவர் கேட்டிருந்தார். கடலில் 1985 முதல் 2018 வரையிலான பதிவுகளை ஹாலகிராஃப் என்ற பாசி ஆய்வாளரின் குழு 2021இல் அலசிப் பார்த்தது: சில பகுதிகளில் கூடியிருக்கிறது, சில பகுதிகளில் குறைந்திருக்கிறது, உலகம் முழுக்க ஒரே சீரான ஏற்றம் இல்லை. கடல் பண்ணைகள் பெருகி, கண்காணிப்பும் பெருகியதால் கண்ணில் படுவது கூடியிருக்கிறது. அது கடலுக்கான கணக்கு, அதை அப்படியே ஏரிகளுக்கும் பொருத்தாதீர்கள்.